ஒண்ணுக்கு ரெண்டா எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்

2020 மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவ பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. அது முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் வீட்டுக்கு சாமான் வாங்க கடைக்கு போனேன், பெருசா ஒண்ணும் வாங்கற எண்ணம் இல்ல, கைல லிஸ்ட் கூட எழுதிக்கல, தீர்ந்துபோன நாலஞ்சு பொருள வாங்கிட்டு அரை மணி நேரத்துல திரும்பிடலாம்னு தான் கிளம்பினேன். உள்ள நுழைஞ்சதுமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. கூட்டம் இருந்துச்சு ஆனா சத்தமே இல்ல. யாரும் யாரோடயும் பேசல, எல்லாரும் அடுத்தவங்க டிராலிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துட்டே நகர்ந்தாங்க. நானும் பார்த்தேன். ஒருத்தர் டிராலில ஒரே பொருள் ஆறு பாக்கெட் கிடந்துச்சு, அது எனக்கு தேவையே இல்லாத பொருள், ஆனா பார்த்த உடனே "நம்ம வீட்டுல அது இருக்கா?"ன்னு மனசு கேட்டுச்சு.

சானிடைசர் இருந்த ஷெல்ஃப்ல மூணே மூணு பாட்டில் தான் மிச்சம். எனக்கு ஒண்ணு போதும், வீட்டுல ஏற்கனவே பாதி பாட்டில் இருந்துச்சு. ரெண்டு எடுத்தேன். எடுக்கும்போது யோசிக்கவே இல்ல, கை தானா போச்சு. பின்னாடி நின்ன அம்மா மூணாவத எடுத்துட்டு எதுவும் சொல்லாம போயிட்டாங்க. அவங்களுக்கு பின்னாடி வந்தவங்களுக்கு காலி ஷெல்ஃப்தான்.

அதோட விட்டேனா, இல்ல. அந்த காலி ஷெல்ஃப ஒரு போட்டோ எடுத்து ராத்திரி எங்க ஃப்ளாட் வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டேன், "எல்லாம் காலி ஆகுது, வேணும்னா சீக்கிரம் போங்க"ன்னு. நல்ல எண்ணத்துல தான் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு தான். மறுநாள் காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடியே எங்க பில்டிங்ல இருந்து மட்டும் எட்டு பேர் போய் நின்னாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்த எட்டு பேர்ல எத்தனை பேருக்கு அன்னிக்கு நிஜமாவே ஏதாவது தேவைப்பட்டிருக்கும்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன்.

இத பத்தி இவ்வளவு நாள் கழிச்சு ஏன் எழுதறேன்னா, அந்த மாசத்த பத்தி பேசும்போதெல்லாம் "சில சுயநலக்காரங்க எல்லாத்தையும் வாரிட்டு போயிட்டாங்க"ன்னு தான் எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படி தான் நம்பிட்டு இருந்தேன். பதுக்கி வச்சு வித்தவங்க இருந்தாங்க, இல்லைன்னு சொல்லல, ஹாங்காங்ல 2020 பிப்ரவரி 17ஆம் தேதி மோங் காக் பகுதில கத்திய காட்டி 600 டாய்லெட் ரோல கொள்ளையடிச்சிட்டு போன சம்பவம் கூட நடந்துச்சு. ஆனா ஷெல்ஃப் காலியானதுக்கு முக்கிய காரணம் அவங்க இல்ல. பிரிட்டன்ல கான்டார்ங்கற சந்தை ஆய்வு நிறுவனம் அந்த மார்ச் மாசத்து விற்பனைய அலசி பார்த்தப்போ, லிக்விட் சோப் வாங்கினவங்கள்ல 6 சதவீதம் பேரும் பாஸ்தா வாங்கினவங்கள்ல 3 சதவீதம் பேரும் தான் அசாதாரணமான அளவு வாங்கியிருந்தாங்க. மத்தவங்க எல்லாம் வழக்கத்த விட ஒண்ணு ரெண்டு கூட வாங்கினவங்க, வழக்கத்த விட ஒரு தடவ ரெண்டு தடவ அதிகமா கடைக்கு போனவங்க. அதாவது என்னைய மாதிரி ஆளுங்க.

கணக்கு போட்டு பார்த்தா புரியும். ஒரு கடைய நம்பி நூறு குடும்பம் இருக்குன்னு வச்சுக்கோங்க, ஒவ்வொரு குடும்பமும் மாசத்துக்கு ஒரு பாட்டில் வாங்குது. அப்போ கடைல ஒரு நாளைக்கு மூணு நாலு பாட்டில் தான் போகும், கடைக்காரர் ஒரு முப்பது நாப்பது வச்சிருந்தாலே தாராளம். இப்போ அந்த நூறு குடும்பமும் ரெண்டே நாள்ல வந்து ஆளுக்கு ரெண்டு எடுத்தா 200 பாட்டில் வேணும். யாரும் பதுக்கல, யார் வீட்டுலயும் குடோன் இல்ல, ஆளுக்கு ஒண்ணுதான் கூட எடுத்தாங்க, ஆனா அறுபது நாளுக்கு போக வேண்டியது ரெண்டு நாள்ல போயிடுச்சு. இன்னிக்கு கடைங்க எல்லாம் நிறைய ஸ்டாக் வச்சிக்கறதில்ல, வித்த அளவுக்கு தினமும் லாரில வந்து இறங்கும், அந்த ஏற்பாடு சாதாரண நாள்ல ரொம்ப நல்லா ஓடும், எல்லாரும் ஒரே நாள்ல கிளம்பினா தாங்காது.

டாய்லெட் பேப்பர் விஷயத்துல இது இன்னும் மோசம். அது இடத்த அடைக்கற பொருள், அதனால கடைல எண்ணி கொஞ்சம் தான் வைக்க முடியும், பத்து பேர் எடுத்தாலே ஒரு முழு ஷெல்ஃப் வெறிச்சோடி போயிடும், தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியும். அத தயாரிக்கற மில்லுங்க ஏற்கனவே ராத்திரி பகலா ஓடிட்டு இருக்கறவை, திடீர்னு ரெண்டு மடங்கு பண்ணுன்னா முடியாது. இதுல ஒரு பகுதி தேவை நிஜமாவே கூடினது, அதையும் சொல்லணும், ஆபீஸ் ஸ்கூல் எல்லாம் மூடி எல்லாரும் வீட்டுல இருந்தா வீட்டு உபயோகம் கூடத்தான் செய்யும், அமெரிக்கால அத தயாரிக்கற ஜார்ஜியா பசிபிக் கம்பெனி, வீட்டுல எல்லாரும் முழு நேரமும் இருந்தா 40 சதவீதம் கூடுதலா செலவாகும்னு கணக்கு சொல்லுச்சு. ஆபீசுக்கு போற ரோல் வேற சைஸ், வேற பேக்கிங், வேற லாரி. அது குடோன்ல தூங்கிட்டு இருக்க, வீட்டுக்கு போறது தீர்ந்துபோச்சு. அதனால கொஞ்சம் கூட வாங்கினவங்க எல்லாரையும் முட்டாள்னு சொல்லிட முடியாது.

எனக்கு ரொம்ப நாள் மனசுல நின்னது ஜப்பான்ல நடந்தது. 2020 பிப்ரவரி கடைசில அங்க ஒரு வதந்தி பரவிச்சு, மாஸ்க்குக்கும் டாய்லெட் பேப்பருக்கும் மூலப்பொருள் ஒண்ணுதான், சைனால இருந்து வரணும், இனிமே வராதுன்னு. சுத்த பொய். ஜப்பான்ல விக்கற டாய்லெட் பேப்பர் கிட்டத்தட்ட எல்லாமே உள்ளூர்ல தயாராகறது. தயாரிப்பாளர் சங்கமே ஸ்டாக் நிறைய இருக்குன்னு சொல்லிச்சு, டிவிலயும் பொய்னு திரும்ப திரும்ப சொன்னாங்க. ஆனாலும் கடைல காலி. ஏன்னா அது பொய்னு தெரிஞ்சவங்களும் போய் வாங்கினாங்க. "எனக்கு தெரியும் இது பொய்னு, ஆனா நம்புறவங்க வாங்கிடுவாங்களே, அப்போ எனக்கு இருக்காதே"ங்கற கணக்கு. இத யோசிச்சா பயமா இருக்கு, அறிவு இருந்தும் பிரயோஜனம் இல்லாம போற இடம் இது. பொய்ய பொய்னு நிரூபிச்சா மட்டும் போதல, அடுத்தவன் அமைதியா இருப்பான்னு நம்பிக்கை வேணும், அந்த நம்பிக்கை அந்த வாரத்துல யார்கிட்டயும் இல்ல.

அதே நாட்டுல 1973லயும் இதே தான் நடந்துச்சு, எண்ணெய் நெருக்கடி வந்தப்போ பேப்பர் கிடைக்காதுன்னு பேச்சு கிளம்பி ஒசாகா பக்கம் ஒரு கடைல கூடின கூட்டம் நாடு முழுக்க பரவிச்சு. அதே வருஷம் டிசம்பர் 19ஆம் தேதி அமெரிக்கால ஜானி கார்சன் தன்னோட டிவி நிகழ்ச்சில டாய்லெட் பேப்பர் தட்டுப்பாடு பத்தி ஒரு ஜோக் அடிச்சார், பார்த்தவங்க மறுநாள் கடைக்கு ஓடினாங்க, அப்புறம் நிஜமாவே தட்டுப்பாடு வந்துச்சு. அப்போ செல்போன் இல்ல, வாட்ஸ்ஆப் இல்ல. ஒரு காலி ஷெல்ஃப் போட்டோ ஒரு ராத்திரில எத்தனை குரூப் தாண்டும்னு இப்போ நமக்கு தெரியும், 2020 ஏப்ரல் 7ல வாட்ஸ்ஆப்பே பல தடவ கைமாறின மெசேஜ ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு தான் அனுப்ப முடியும்னு கட்டுப்பாடு போட்டுச்சு. எங்க குரூப்ல நான் போட்ட போட்டோ அதுக்கு மூணு வாரம் முன்னாடியே எங்கெங்க போயிருக்குமோ.

சரி, இப்போ நான் இந்த விஷயத்த மறக்க முடியாம போன காரணத்துக்கு வரேன்.

எங்க அக்காவுக்கு லூப்பஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற நோய், மூட்டு, தோல், கிட்னி எதையும் விடாது. பல வருஷமா தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை போட்டுட்டு தான் நடமாடிட்டு இருக்கா. அத நிறுத்தினா நோய் திரும்ப கிளம்பும். மார்ச் 19ஆம் தேதி அமெரிக்க அதிபர் ட்ரம்ப் அந்த மாத்திரைய கொரோனாவுக்கு நம்பிக்கை தர்ற மருந்துன்னு பேசினார், 21ஆம் தேதி ட்விட்டர்லயும் போட்டார். சில நாள்லயே பல நாடுகள்ல மெடிக்கல் ஷாப்ல அந்த மாத்திரை மாயமாயிடுச்சு. அக்கா மாசக்கடைசில தான் வாங்குவா. வீட்டுல 11 மாத்திரை மிச்சம்.

நான் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினேன். "இப்போதான் ஒருத்தர் நாலு அட்டை வாங்கிட்டு போனார்", "வரும் சார், எப்போன்னு தெரியல", "சீட்டு இருக்கா? இருந்தாலும் இல்ல". ஆறாவது கடைல நின்னுட்டு இருந்தப்போ எனக்கு ஆத்திரம் வந்துச்சு, யாரோ ஒரு ஆரோக்கியமான ஆளு, "எதுக்கும் இருக்கட்டும்"னு அலமாரில வச்சிருக்கான் எங்க அக்காவோட மாத்திரைய, ஒரு வேளை அதப் போட போறதே இல்ல, அப்படியே எக்ஸ்பயரி ஆகப் போகுதுன்னு. அந்த ஆத்திரத்தோடயே வீட்டுக்கு வந்து கைய கழுவ போனேன். கண்ணு முன்னாடி சானிடைசர் பாட்டில், ரெண்டாவது, சீல் கூட பிரிக்கல. அன்னிக்கு தான் எனக்கு புரிஞ்சுது. அந்த நாலு அட்டை வாங்கினவரும் நானும் ஒரே ஆளுதான். அவர் ஒரு வேளை அம்மாவுக்காக வாங்கியிருப்பார். நான் எனக்கு பின்னாடி நின்னவங்க யாருன்னு திரும்பி பார்க்கல, அவரும் பார்க்கல.

அந்த மாத்திரை கதை எப்படி முடிஞ்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கால மருந்துங்களுக்கு அனுமதி கொடுக்கற எஃப்.டி.ஏ. மார்ச் 28ல அத கொரோனாவுக்கு கொடுக்க அவசர அனுமதி கொடுத்துச்சு, ஜூன் 5ல பிரிட்டன்ல நடந்த ரெக்கவரிங்கற மருந்து ஆய்வு ஆஸ்பத்திரில சேர்ந்த நோயாளிகளுக்கு இதனால பலன் இல்லைன்னு அறிவிச்சுது, ஜூன் 15ல எஃப்.டி.ஏ. அனுமதிய திரும்ப வாங்கிடுச்சு. நடுவுல போன மாசங்கள்ல லூப்பஸ், மூட்டுவாத நோயாளிங்க பாதி மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஓட்டினாங்க.

மேல இருந்து வந்த பேச்சும் உதவல. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 3ஆம் தேதியே எச்சரிச்சுது, கொரோனாவ சமாளிக்க மட்டும் மாசத்துக்கு 8 கோடியே 90 லட்சம் மாஸ்க் தேவை, உற்பத்திய 40 சதவீதம் கூட்டணும், பயத்துல வாங்கறதாலயும் பதுக்கறதாலயும் டாக்டர் நர்ஸ் கைக்கு போக வேண்டியது போகலைன்னு. சர்ஜிக்கல் மாஸ்க் விலை ஆறு மடங்கு ஏறியிருந்துச்சு. இது நேர்மையான காரணம், எல்லாருக்கும் புரியற காரணம். ஆனா பிப்ரவரி 29ஆம் தேதி அமெரிக்க அரசோட பொது சுகாதார தலைமை டாக்டரா (சர்ஜன் ஜெனரல்) இருந்த ஜெரோம் ஆடம்ஸ் போட்ட ட்வீட்ல மாஸ்க் வாங்கறத நிறுத்துங்கன்னு சொல்லிட்டு, பொது ஜனத்துக்கு அது பலன் தராது, ஆனா ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு கிடைக்கலைன்னா ஆபத்துன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னார். படிச்சவங்க கேட்டாங்க, எனக்கு வேலை செய்யாதது அவங்களுக்கு மட்டும் எப்படி வேலை செய்யும்? ஏப்ரல் 3ஆம் தேதி அவங்க நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யே எல்லாரும் துணி மாஸ்க் போடுங்கன்னுச்சு. அறிவியல் மாறும், அது தப்பில்ல. ஆனா "குறைச்சலா இருக்கு, அவங்களுக்கு முதல்ல வேணும், விட்டுக்கொடுங்க"ன்னு நேரா சொல்லியிருந்தா ஜனங்க கேட்டிருப்பாங்கன்னு நான் நம்பறேன். ஜனங்கள பயந்தாங்கொள்ளி கூட்டம்னு நினைச்சு பேசினா ஜனங்களும் அப்படியே நடந்துக்கறாங்க.

தைவான்ல வேற மாதிரி பண்ணாங்க. பிப்ரவரி 6ஆம் தேதியே, அதாவது பெருந்தொற்றுன்னு அறிவிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே, மருத்துவ காப்பீட்டு அட்டைய காட்டி மருந்துக்கடைல ஆளுக்கு வாரத்துக்கு ரெண்டு மாஸ்க்னு பங்கீடு போட்டாங்க, எந்தக் கடைல எத்தனை மிச்சம்னு போன்ல மேப்பா பார்க்கலாம். தென் கொரியால மார்ச் 9ல இருந்து பிறந்த வருஷத்தோட கடைசி எண்ண வச்சு, 1, 6ல முடிஞ்சா திங்கள், 2, 7ன்னா செவ்வாய்னு ஆளுக்கு ஒரு நாள், வாரத்துக்கு ரெண்டு. முதல்ல நீள வரிசை, திட்டு எல்லாம் இருந்துச்சு தான். ஆனா இதுல இருக்கற சூட்சுமம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. அளவு குறைச்சதால மட்டும் அது வேலை செய்யல. அடுத்த வாரமும் உனக்குன்னு ரெண்டு இருக்குன்னு உறுதி கொடுத்ததால வேலை செஞ்சுது. அடுத்த வாரம் நிச்சயம்னா இன்னிக்கு ரெண்டாவது பாட்டில நோக்கி கை போகாது, என் கையும் போயிருக்காது.

"பயப்படாதீங்க"ன்னு சொல்றது இதுக்கு பதில் இல்ல. சொல்லி யாருக்கு பயம் போயிருக்கு. ஒருத்தர் வீட்டுக்கு ரெண்டு வாரம் தாங்கற அளவு சாமான் முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமா, தட்டுப்பாடே இல்லாத காலத்துல சேர்த்து வச்சா அது பதுக்கல் இல்ல, நெருக்கடி நாள்ல அவர் கடைக்கு வராம இருக்கறதே அடுத்தவங்களுக்கு செய்யற உதவி. எல்லாராலயும் அது முடியாதுங்கறது தான் வலி. தினக்கூலி வாங்கறவர் அன்னிக்கு சம்பாதிச்சத வச்சு அன்னிக்கு தான் வாங்க முடியும். மாசக்கடைசில கைல காசு இல்லாதவங்க, வண்டி இல்லாதவங்க, படி இறங்க முடியாதவங்க, எல்லாரும் ஓடி முடிச்ச அப்புறம் தான் கடைக்கு வருவாங்க. பிரிட்டன்ல ஐ.சி.யூ. நர்ஸ் ஒருத்தங்க டூட்டி முடிஞ்சு கடைக்கு போய் ஒண்ணும் கிடைக்காம கார்ல உட்காந்து அழுத வீடியோ அந்த மார்ச்ல உலகம் பூரா சுத்திச்சு, எனக்கு அத இன்னொரு தடவ பார்க்க மனசு வரல. ஆஸ்திரேலியால வூல்வொர்த்ஸ் கடைங்க மார்ச் 17ல இருந்து காலை 7 மணில இருந்து 8 மணி வரை வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும்னு ஒதுக்கினாங்க, அப்புறம் பல நாட்டுல அப்படி வந்துச்சு. ஒரு மணி நேரம் தான். ஆனா யாரோ அவங்கள நினைச்சு பார்த்திருக்காங்க.

எங்க குரூப்லயும் மாத்தம் வந்துச்சு. நான் அந்த போட்டோவ டெலீட் பண்ணிட்டு, தப்பு பண்ணிட்டேன்னு எழுதினேன், பிரிக்காத பாட்டில் ஒண்ணு இருக்கு யாருக்கு வேணும்னு கேட்டேன். மூணாவது மாடில தனியா இருக்கற பெரியவர் கேட்டார், கதவு பக்கத்துல வச்சுட்டு வந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்கவங்ககிட்ட கூடுதலா இருக்கறத எழுத ஆரம்பிச்சாங்க. ரெண்டு நாள்ல பார்த்தா எங்க பில்டிங்ல எதுக்குமே தட்டுப்பாடு இல்ல, எல்லாம் இருந்துச்சு, தப்பான வீட்டுல இருந்துச்சு, அவ்வளவு தான்.

அக்காவோட மாத்திரை மட்டும் யார்கிட்டயும் இல்ல. டாக்டர்கிட்ட போன்ல கேட்டோம், இருக்கற மாத்திரைய எப்படி ஓட்டறதுன்னு அவர் சொன்ன மாதிரி அக்கா போட்டுட்டு வந்தா. "விடுடா, கிடைக்கும், நீ கடை கடையா அலையாத, அப்புறம் உனக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றது"ன்னு என்னைய சமாதானப்படுத்தினா. அஞ்சு மாத்திரை மிச்சம் இருந்தப்போ லூப்பஸ் நோயாளிங்க குரூப்ல ஒரு அம்மா, அவங்களும் அதே மாத்திரை அதே டோஸ் போடறவங்க, என்கிட்ட ஒரு மாசத்துக்கு இருக்கு, பாதி எடுத்துக்கோங்கன்னு எழுதினாங்க. அவங்களுக்கும் அடுத்த மாசத்துக்கு எங்க கிடைக்கும்னு தெரியாது. அக்கா வேண்டாம்னு ரெண்டு நாள் மறுத்தா, அவங்க விடல. டாக்டர்கிட்ட சொல்லிட்டு போய் வாங்கிட்டு வந்தேன், ஒரு பழைய கவர்ல மடிச்சு, மேல டோசும் எக்ஸ்பயரி தேதியும் பேனால எழுதி வச்சிருந்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு நாங்க வழக்கமா வாங்கற மெடிக்கல்ல இருந்து போன் வந்துச்சு. அந்த கடைக்காரர் அதுக்குள்ள ஒரு நோட்டு போட்டிருந்தார், வருஷக்கணக்கா இந்த மாத்திரைய சீட்டோட வாங்கறவங்க பேரா எழுதி, ஸ்டாக் கொஞ்சமா வந்தாலும் அந்த வரிசைல தான் கொடுப்பேன், புதுசா வர்றவங்களுக்கு அப்புறம் தான்னு. யாரும் அவருக்கு சொல்லல, அவரா பண்ணினார். ஆளுக்கு மூணு அட்டை கொடுத்தார்.

அக்கா வீட்டு மேஜைல மூணு அட்டையையும் வச்சு, எண்ணி, ஒன்றரை அட்டைய கத்தரிக்கோலால வெட்டி அந்த பழைய கவர்லயே போட்டா. "அந்த அம்மாவுக்கு முதல்ல குடுத்துட்டு வந்துடு, அவங்களுக்கு இந்த வாரத்தோட தீருது"ன்னா. நான் வண்டி சாவிய எடுத்தேன்.